குடும்பப் பெயர்: ஸ்விச்சாபெரா

ரூடோவுக்கு அன்று வேலை இல்லாத நாள். அதனால், சலவைக்கூடத்துக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு கோட்டும் கம்பளித் தொப்பியுமாக அவள் வந்து நின்றதைக் கண்டதும், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உலர்த்தி இயந்திரத்திலிருந்து அப்போதுதான் அள்ளிப் போட்ட படுக்கை விரிப்புகள் மேசையில் குவிந்து கிடந்தன. கை வைத்தால் சுடும். சவர்க்காரத் தூளும் வெந்த பருத்தியும் கலந்த அந்த மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. ரூடோ அந்தக் குவியலின் மேல் ஒரு கடித உறையை எறிந்தாள்.

“உதென்ன, லோகாக்கா?”

உறைக்குள் இருந்தது அவளுடைய மகள் நியாஷாவின் கனடியக் குடியுரிமைச் சான்றிதழ். பல மாதங்களுக்கு முன் அதற்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். பெயர் இருந்த இடத்தைப் பார்த்தேன். நியாஷா ஸ்விச்சாபெரா. நான் எழுதிக் கொடுத்தபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் வந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“அருமையா வந்திருக்கே! இதுக்கு ஒரு கேக் வெட்டவேணும்,” என்றேன் பல்லெல்லாம் தெரிய.

“இந்தப் பேரை எழுதச் சொல்லி உங்களிட்டை ஆர் கேட்டது?”

ரூடோவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது இந்தப் பத்திரிகைத் தொடரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அவள் மெதுவாகக் கேட்டதால் சான்றிதழை எடுத்துத் திரும்பவும் வாசித்தேன்.

பிக்கரிங்கிலிருந்து ஒரு வாசகி போன வாரம் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார். “எல்லா வாரமும் மற்றவை விட்ட பிழையளைத்தான் எழுதுறீங்கள். நீங்கள் ஒண்டும் விடேல்லையோ?” என்று கேட்டார். விட்டிருக்கிறேன், அம்மா. இதுதான் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்த்துக்கொண்டிருந்த காலம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரூடோ சிம்பாப்வே நாட்டுக்காரி. முப்பதைத் தாண்டியவள். நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலம்தான். அவளுடையது நல்ல ஆங்கிலம், என்னுடையது தட்டித் தடவுகிற ஆங்கிலம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்கள் என்னை ‘லோகாக்கா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் முழுப் பெயர் என்று அவள் நினைத்துவிட்டாள். நானும் திருத்தவில்லை.

வெறுங்கட்டம் கண்டால்

யாழ்ப்பாணத்தில் பத்து வருடத்துக்கு மேல் கச்சேரியில் வேலை பார்த்தேன். பாட்டுக் கச்சேரி இல்லை, அரசாங்கக் கச்சேரி. பிறப்பு, இறப்புப் பதிவுகள் என் மேசைக்குத்தான் வரும். ஒரு படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் எனக்குக் கை அரிக்கும். மனிதர் பிறந்தால் ஒரு நேரம் இருக்க வேண்டும், ஒரு தகப்பன் இருக்க வேண்டும். தெரியாது என்று யாராவது சொன்னால், “போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ” என்று திருப்பி அனுப்புவேன். இரக்கம் பார்த்ததில்லை.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் குடியிருந்த தமிழர் முழுப்பேருக்கும் நான்தான் படிவம் நிரப்பினேன். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மருத்துவ அட்டை, குடியுரிமை, எதுவென்றாலும் என் குசினி மேசைக்கு வந்தது. காசு வாங்கியதில்லை. ஆனால் எனக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தை வாங்கிவிடுவேன். “நீங்கள் போங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்று அனுப்பிவிட்டு, ஆறுதலாக இருந்து எழுதுவேன். ஆள் பக்கத்தில் இருந்தால் நூறு கேள்வி கேட்பார்கள், எனக்குப் பொறுமை கிடையாது.

குடும்பப் பெயர் என்ற கட்டம்தான் எங்கள் ஆட்களை ஆட்டிப் படைத்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பனுடைய பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு சீவித்த சனம். இங்கே வந்து, வேறு வழியில்லாமல், தகப்பனின் பெயரையே குடும்பப் பெயராக்கினோம். என் மகனுக்கு என் வீட்டுக்காரரின் பெயர். என் வீட்டுக்காரருக்கு அவருடைய தகப்பனின் பெயர். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருக்கிறதோ என்று தபால்காரர் ஒருமுறை மணியடித்துக் கேட்டார்.

நான் அப்படி எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் போட்டுக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. ரூடோவின் படிவம் வரும்வரை.

நாய் குரைக்காத ஊர்

பெரிய விரிப்புகளை ஒருவரால் மடிக்க முடியாது. இருவர் இரண்டு அந்தங்களைப் பிடித்து, உதறி, கிட்ட வந்து, விலகி, திரும்பக் கிட்ட வந்து மடிக்க வேண்டும். ரூடோவும் நானும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படி நாளெல்லாம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துகொண்டிருந்தோம். வாயும் சும்மா இருக்காது.

அவளுடைய நாட்டுக்கு முன்பு ரொடீசியா என்று பெயர். பிரித்தானியர் பிடித்த நாடு. எங்களுக்குச் சுதந்திரம் கிடைத்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும், அங்கே குடியேறிய வெள்ளையர் ஆட்சியை விட மறுத்துவிட்டார்கள். நல்ல செம்மண்ணையெல்லாம் வேலி போட்டு எடுத்துக்கொண்டு, ரூடோவின் ஆட்களைக் கல்லுப் பூமிக்குத் துரத்தியிருந்தார்கள். அவளுடைய தகப்பன் வளர்த்த மாடுகளைக்கூட அரசாங்கம் எண்ணி, இத்தனைதான் வைத்திருக்கலாம் என்று மிச்சத்தை விற்க வைத்தது. பிறகுதான் இளைஞர்கள் எல்லை தாண்டி மொசாம்பிக்குக்குப் போய், ஆயுதப் பயிற்சி எடுத்துக்கொண்டு, மலைகளுக்கால் திரும்பி வந்தார்கள்.

“அவையளை நீங்கள் என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“வகோமனா.”

“கருத்தென்ன?”

“பெடியள்.”

நான் பிடித்திருந்த விரிப்பின் நுனியை விட்டுவிட்டேன். நிலத்தில் விழுந்த விரிப்பைத் திரும்பத் தோய்க்க வேண்டும் என்பது சட்டம். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. நாங்களும் அப்படித்தானே சொன்னோம்! இயக்கம் என்றும் சொன்னோம், ஆனால் வாய் நிறையச் சொன்னது ‘பெடியள்’ என்றுதான். பெடியள் வந்தவை, பெடியள் பார்த்துக்கொள்ளுவினம். கடலுக்கு அப்பால், நான் வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்த ஒரு நாட்டில், எங்களைப் போலவே பிள்ளைகளைச் சொல்லும் சொல்லால் துவக்குக்காரரைச் சொன்ன சனம் இருந்திருக்கிறது. எனக்குப் புல்லரித்தது. அன்றிலிருந்து அவளை நான் விடவில்லை. விரிப்பைத் தூக்கினால் போதும், “பெடியளைப் பற்றிச் சொல்லும்” என்று தொடங்கிவிடுவேன்.

அவளும் சொன்னாள். பெடியள் பொழுது சாயும் நேரம் மலையடிக்கு வருவார்கள். ஒவ்வொரு வீடும் முறை வைத்துக் கோழி கொடுக்கும். தாய்மார் சோள மாவைக் கிண்டிக் களி ஆக்குவார்கள். அதைத் தலையில் வைத்து மலைக்குக் கொண்டு போவது ஊர்ப் பெட்டைகளின் வேலை. விடிந்ததும் ஆமி வந்து அடுக்களைகளைப் பார்க்கும். சின்னக் குடும்பத்து வீட்டில் பெரிய பானை ஈரமாக இருந்தால் அடிதான். அதனால் ரூடோவின் தாய் பானையைக் கழுவியதும் மணலைப் போட்டுத் தேய்த்துத் துடைத்து, மேலே சாம்பலைத் தூவி வைப்பாளாம்.

“எங்கட ஊரில ரெண்டு வருசமா நாய் குரைக்கேல்லை,” என்றாள் ஒருமுறை.

“ஏன், பயத்திலையோ?”

“நாயே இல்லை. பெடியள் வாறது தெரிஞ்சிடும் எண்டு எல்லா நாயையும் கொல்லச் சொன்னவை. அப்பா தன்ர நாயைத் தானே கொண்டுபோனவர்.”

நான் கேட்டதைவிட என் கதையைச் சொன்னதுதான் கூட. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பெடியளுக்கு இடியப்பப் பார்சல் கட்டிக் கொடுத்ததைச் சொன்னேன். சம்பல் உறைப்பாக இருந்தது என்று பெடியள் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். அதை ஏதோ பதக்கம் வாங்கியதுபோலச் சொன்னேன். ரூடோ கேட்டுக்கொண்டே மூலையை மூலையோடு பொருத்துவாள். அவள் மடித்த விரிப்பில் ஒரு சுருக்கமும் இருக்காது.

ஒரு பெயர் கிடைத்தது

நியாஷாவின் தகப்பனைப் பற்றி நானாகத்தான் கேட்டேன். எனக்கு எல்லாம் தெரிய வேண்டும், அதுதான் என் வியாதி.

“பெடியளில ஒராள்,” என்றாள்.

“பேர்?”

“அங்க ஒருத்தருக்கும் சொந்தப் பேர் இல்லை. இயக்கம் வைச்ச பேர்தான். அவனை ஸ்விச்சாபெரா எண்டு கூப்பிட்டவை.”

“கருத்து?”

“முடிஞ்சுபோகும். எல்லாம் ஒருநாள் முடிஞ்சுபோகும் எண்டு.”

எவ்வளவு நல்ல பெயர் என்று நினைத்தேன். “அவர் இருக்கிறாரோ, இல்லையோ?” என்று கேட்டேன். தெரியாது என்றாள். அடுத்த விரிப்பை எடுக்கத் திரும்பிவிட்டாள். அவள் திரும்பியதை நான் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று என் மண்டையில் ஏறவில்லை.

இந்த நிலையில்தான் நியாஷாவின் குடியுரிமைப் படிவத்தைக் கொண்டுவந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஊர்ப் பதிவில் ஒற்றைப் பெயர்தான். அவர்களுடைய முறைப்படி பிள்ளை தகப்பன் குலத்துக்குச் சொந்தம். குலத்துக்கு அடையாளமாக ஒரு மிருகம், அதைச் சொல்லித்தான் ஆளை மதிப்பார்கள், அதைப் பார்த்துத்தான் கல்யாணம் பேசுவார்கள். தகப்பனின் ஆட்கள் வந்து உரிமை கேட்காத பிள்ளைக்குத் தன் குலப் பெயரைத் தரமாட்டேன் என்று ரூடோவின் தகப்பன் நின்றுவிட்டாராம். அதனால் கனடாவுக்கு வந்தபோது கொடுத்த தாளிலும் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

“கோடுதானே இருக்கு. கோட்டையே போட்டுவிடுங்கோ,” என்றாள் ரூடோ. எழுதாத படிவத்தில் தாயும் மகளும் கையெழுத்திட்டுத் தந்தார்கள். நான் கேட்டபடிதான்.

கோடு ஒரு பெயரா? அன்று பின்னேரம் என் குசினி மேசையில் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனுடைய பெயர் எனக்குத் தெரியும். அதுவும் நாட்டுக்காகத் துவக்குத் தூக்கினவனின் பெயர். அதை விட்டுவிட்டுக் கோடு போடுவதா? ரூடோ கூச்சத்தில் சொல்லியிருப்பாள், கல்யாணம் கட்டாத வெட்கத்தில் சொல்லியிருப்பாள் என்று நானே நியாயம் கண்டுபிடித்தேன். முன்பொருநாள் அவளிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டிருந்ததால் எழுத்தும் எனக்குத் தெரியும். பெரிய எழுத்தில், என்னால் முடிந்த மட்டும் அழகாக எழுதினேன்.

என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“அந்தப் பிள்ளை கேட்டதோ உதை?”

“கேக்கேல்லை. ஆனா சந்தோசப்படுவினம்.”

“உமக்கேன் உந்த வேலை? இன்னொருக்காக் கேட்டுப்போட்டு எழுதும்.”

“உங்களுக்கு ஒண்டும் விளங்காது,” என்று சொல்லிப் பசை தடவி உறையை மூடினேன்.

பின்கதவில்

அந்தப் படிவம்தான் சான்றிதழாகித் திரும்பி வந்து, சுடச்சுட விரிப்புகளின் மேல் கிடந்தது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்ததால் ரூடோ என் கையைப் பிடித்துப் பின்கதவால் வெளியே கூட்டிக்கொண்டு போனாள். குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடம். வெயில் இருந்தது, சூடு இல்லை. நான் கோட்டுப் போடவில்லை, அதனால் ஒரு இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தேன்.

“தகப்பன்ர பேர்தானே, ரூடோ. எங்கட முறை அப்பிடி. நான் ஒரு மரியாதைக்கு…”

“நான் உங்களுக்குக் கதைதான் சொன்னனான். பேர் தரேல்லை.”

பிறகு அவள் சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள். நான் மறக்கவில்லை.

“மலைக்குச் சாப்பாடு கொண்டு போறது நாங்கள் நாலு பெட்டையள். பெடியள் கேட்டா ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுறேல்லை. கோழி கேட்டாக் கோழி. போர்வை கேட்டாப் போர்வை. ஒருநாள் அவன் மற்ற மூண்டு பேரையும் வெறும் பானையோட போகச் சொன்னான். என்னை நிக்கச் சொன்னான்.”

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன்.

“அம்மாவுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னனான். அம்மா என்ர வாயைப் பொத்தினவ. சத்தம் போடாதை, பெடியளைப் பிழையாச் சொன்னாத் துரோகி எண்டுவாங்கள் எண்டு சொன்னவ. அதுக்கு முதல் மாசம்தான் ஒருத்தரைத் துரோகியெண்டு ஊருக்கு முன்னால அடிச்சுச் சாகடிச்சவை. அம்மாவில பிழையில்லை. அடுத்த கிழமையும் நான் பானையைத் தூக்கிக்கொண்டு போனனான்.”

அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். “அப்ப உங்களுக்கு அந்தச் சுதந்திரத்திலையே வெறுப்புத்தானே?”

அதற்குத்தான் அவளுக்கு உண்மையில் கோபம் வந்தது.

“ஆர் சொன்னது? எங்கட நிலத்தை அவங்கள் பறிச்சது பொய்யோ? ஆமி அப்பாவின்ர காலை முறிச்சது பொய்யோ? புதுக் கொடி ஏத்தின அண்டைக்கு நியாஷாவை முதுகில கட்டிக்கொண்டு போய் நானும் விடிய விடிய ஆடினனான். சுதந்திரம் எனக்கு வேணும், லோகாக்கா. அவன்ர பேர் வேண்டாம். இது ரெண்டும் ஒண்டெண்டு நீங்கள் ஏன் நினைச்சனீங்கள்?”

ஏன் நினைத்தேன் என்றால், எனக்கு அப்படி நினைக்க விருப்பமாக இருந்தது. அவ்வளவுதான்.

“நியாஷா சிரிச்சவள்,” என்றாள் ரூடோ. “கவரைத் திறந்து பாத்திட்டு, ‘அம்மா, எனக்கு எல்லாம் முடிஞ்சுபோகும் எண்டு பேர் வைச்சிருக்கினம்’ எண்டு சிரிச்சவள். பிறகு என்ர முகத்தைப் பாத்தவள். சிரிப்பை நிப்பாட்டிட்டாள். இவ்வளவு காலமும் தகப்பன் சண்டையில காணாமல் போனவர் எண்டுதான் சொல்லி வைச்சனான். இனி நான் அவளுக்கு என்னத்தைச் சொல்ல?”

இருப்புக் கொள்ளாத நாட்கள்

அன்று வேலை முடிந்து ஏறிய பஸ்ஸில் என் தரிப்பிடம் போனதும் தெரியவில்லை. ஃபின்ச் வீதி முழுக்கப் போய், கடைசித் தரிப்பில் சாரதி எழுப்பிவிட்டார். நான் நித்திரை கொள்ளவில்லை, சும்மா கண்ணை மூடியிருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். வீட்டில் சோறு அடிப்பிடித்தது. கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினேன்.

“இஞ்சேரும், ஒரு இடத்தில இரும். உமக்குக் காலில சில்லுப் பூட்டியிருக்கோ?” என்றார் வீட்டுக்காரர்.

நான் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். ‘நான் அப்பவே சொன்னனான்’ என்று அவர் சொல்லியிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன். அவர் எழும்பிப் போய் அடிப்பிடித்த சட்டியை ஊறப் போட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

படுத்தால் கச்சேரி ஞாபகம்தான். எண்பதுகளில் ஒருநாள் ஒரு வயதான மனிதர் மகனுடைய மரணத்தைப் பதிய வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. மரணத்துக்கான காரணம் என்ற கட்டத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதியிருந்தார். கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று சொன்னேன். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டு, குனிந்து, “பெடியள்” என்றார். அவருடைய மகனை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ‘துரோகி’ என்ற அட்டை தொங்கியதாக ஊரெல்லாம் பேச்சு. எனக்கும் அது தெரியும். நான் தலையை நிமிர்த்தாமல் ‘வெடிக்காயம்’ என்று மட்டும் எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவர் குடையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். பிறகு வந்து எடுக்கவும் இல்லை. அன்று இரவு எங்கள் வீட்டில்தான் பார்சல் முறை. நான் போய் இடியப்பம் அவித்தேன்.

இதை ரூடோவுக்கு நான் சொன்னதில்லை. சம்பல் உறைப்பைத்தான் சொன்னேன்.

திருத்தம்

செய்த பிழையைத் திருத்த வழி இருந்தது. தொலைபேசியில் கேட்டு, திருத்தப் படிவம் ஒன்றை வருவித்தேன். தாயும் கையெழுத்திட வேண்டும், பதினாலு வயதைத் தாண்டிவிட்டதால் நியாஷாவும் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இருந்தது. ரூடோவிடம் போய் நின்றேன். அவள் இரண்டு கிழமையாக என்னோடு பேசவில்லை. விரிப்பு மடிக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள், ஆனால் மூலைகளை ஒழுங்காகப் பொருத்துவாள்.

“இந்தமுறை நான் ஒண்டும் தனிய எழுதமாட்டன். உங்களுக்கு முன்னாலதான் எழுதுவன். ரெண்டு பேரும் எல்லாத்தையும் வாசிச்சுப்போட்டுத்தான் கையெழுத்து வைக்கவேணும்,” என்றேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஷெப்பர்ட் வீதியில் ஒரு டோனட் கடையில் மூவரும் சந்தித்தோம். கண்ணாடிக்கு வெளியே ஈரப்பனி விழுந்து, விழுந்த உடனே கரைந்துகொண்டிருந்தது. நியாஷா நெடு நெடு என்று வளர்ந்த பிள்ளை. தலைமயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னியிருந்தாள். “ஹாய் அன்ரி” என்று சொல்லிவிட்டு, காதில் மாட்டியிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தாள். என்னோடு அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அவளைப் பார்க்க முடியவில்லை. சீனிப் பைக்கற்றுகளை அடுக்கினேன், கலைத்தேன்.

பிழையான பெயர் என்ற கட்டத்தில் ஸ்விச்சாபெராவை எழுதினேன். சரியான பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டேன்.

“இப்ப நீங்கள்தான் சொல்லவேணும்.”

ரூடோ மகளைப் பார்த்தாள். “இவையின்ர ஆக்கள் தகப்பன்ர பேரைத்தான் கடைசிப் பேராப் போடுறவை,” என்று அவளுக்கு விளக்கினாள், என்னை மன்னித்தவள் போலவும் மன்னிக்காதவள் போலவும்.

“அம்மாவின்ர பேரைப் போட்டா?” என்றாள் நியாஷா. “நியாஷா ரூடோ. வடிவாத்தானே இருக்கு?”

ரூடோ என்றால் அவர்கள் மொழியில் அன்பு. நான் எழுதினேன். இவ்வளவு லேசான ஒன்றை, நூறு பேருக்குப் பெயர் போட்டுக் கொடுத்த எனக்கு, ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லை.

அடுத்த கட்டம், திருத்தத்துக்கான காரணம். நான்கு கோடுகள். அதற்குத்தான் நான் பயந்துகொண்டு வந்திருந்தேன். வழியெல்லாம் யோசித்து ஒரு வசனமும் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

“‘எழுதிக் குடுத்தவரின்ர தவறு’ எண்டு போட்டாக் காணும், ரூடோ. என்ர பேரையும் போடுங்கோ. பொய்யும் இல்லை. ஒருத்தரும் மேல கேக்கமாட்டினம்.”

ரூடோ படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையை ஆட்டினால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும். மகளுக்கு இருந்த கதை இருந்தபடியே இருக்கும். தகப்பன் சண்டையில் காணாமல் போனவனாகவே இருப்பான். அவள் தலையாட்ட வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவளுக்காக மட்டும் இல்லை, எனக்காகவும்.

“வாசிச்சுப்போட்டுத்தான் இவள் கையெழுத்து வைக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்,” என்றாள். “பேனையைத் தாங்கோ.”

அவள் மெதுவாக எழுதினாள். ஒருமுறை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். எழுதி முடித்து என் பக்கம் தள்ளாமல், நேரே மகளின் பக்கம் தள்ளினாள். தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க முடிந்தது. படிவங்களைத் தலைகீழாக வாசிப்பது கச்சேரிக்காரருக்குப் பழக்கம்.

‘இது தன் சொந்தப் பெயரை எனக்குச் சொல்லாத ஒரு மனிதனின் பெயர். போர்க் காலத்தில் அவன் என்னை மலையில் மறித்து வைத்தான். நான் அவனைத் தெரிவு செய்யவில்லை. என் மகளுக்கு அவன் பெயரையும் தெரிவு செய்யவில்லை.’

நியாஷா வாசித்தாள். திரும்பவும் முதல் வரிக்குப் போய் வாசித்தாள். பக்கத்து மேசையில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு ஹொக்கி ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து போக வேண்டும் போல் இருந்தது. கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

“அம்மா,” என்றாள் நியாஷா. “உங்களுக்கு அப்ப எத்தினை வயசு?”

“பதினைஞ்சு.”

நியாஷாவுக்கு அந்தப் புரட்டாதியில்தான் பதினாறு முடிந்திருந்தது. அவள் பேனையை எடுத்துத் தன் புதுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள், முழுதாக, இரண்டு சொல்லும் தெரிய. பிறகு எழும்பி, தாயையும் எழுப்பி, கதிரையில் கிடந்த தாயின் கோட்டை எடுத்து, ஒரு சின்னப் பிள்ளைக்கு மாட்டுவது போல ஒவ்வொரு கையாக மாட்டிவிட்டாள். முன்னால் வந்து குனிந்து நின்று, கீழிருந்து கழுத்துவரை தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.